குருவிக்கு வைத்த சந்தனம்

கூண்டில் வளர்த்த, பாடும் முராய்க் குருவியின் தலையில் சந்தனம் இருந்தது.

மழைக்கு முன் துணி எடுக்க வாசலுக்கு வந்த தாமரை, கூண்டருகே நின்றுவிட்டாள். காலை முழுக்கக் கம்பியில் அலகு உடைய மோதிக்கொண்டிருந்த பறவை, இப்போது வாலைத் தாழ்த்தி, கண் பாதி செருகி, இனிக்க இனிக்கப் பாடிக்கொண்டிருந்தது. மோதி மோதி இறகு உதிர்ந்த மண்டையில் மஞ்சளாய் ஒரு தீற்றல். சுபாங் ஜெயாவின் மேல் பிற்பகலிலேயே வானம் கறுத்து இறங்க, ஈர மண் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, முகர்ந்தால் நழுவியது. சந்தனம். அதற்குள் மருந்துக் களிம்பு.

அவள் கை தன் நெற்றிக்குப் போனது.

அதே வாசனை.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் மனைவிக்குச் சந்தனம் வைத்துவிட்டுத்தான் போவார் டத்தோ டாக்டர் சிவநேசன். இன்று மதியமும் அப்படித்தான் போயிருந்தார். டாக்டர் பட்டம் தபாலில் வந்தது. டத்தோ பட்டம் தந்த அரசர் எந்த ஊர் என்று கேட்டால் அவருக்கு இருமல் வரும். பிரிக்பீல்ட்ஸில் ஹார்மோன் நலவாழ்வு மையம் நடத்துகிறார். கோயில் மண்டபத்தில் மைக் பிடித்தால் விடமாட்டார்: “ஹார்மோன் வேலை செய்ய நாளாகும்னு படிச்சிருப்பீங்க. எல்லாம் அப்படி இல்ல லா! சிலது நரம்பு செல்லோட மேல்தோல்லயே ஒட்டிக்கிட்டு, நிமிஷத்துல ஆளையே மாத்திடும்!”

முன்வரிசையில் நெற்றி மினுங்கக் கை தட்டியவள் தாமரை.

மையத்து ரிசப்ஷனில் இருக்கும் ரஞ்சனியோடு அவருக்கு உறவு என்று தெரிந்ததிலிருந்து, அவர் வெளியூரில் தங்கிய நாளெல்லாம், நெற்றிச் சந்தனம் உதிர்ந்த பிறகு, கொதித்துப் பெட்டி கட்டினாள். அவர் வந்து சந்தனம் வைத்ததும் பிரித்து அடுக்கினாள். தாமரைக்குத்தான் எவ்வளவு பொறுமை என்றார்கள். அவளும் நம்பினாள்.

சோப்புப் போட்டு நெற்றியைத் தோல் எரியத் தேய்த்தாள். காத்திருந்தாள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியபோது அடிவயிற்றிலிருந்து அது ஏறி வந்தது. கோபம். அவளுடைய சொந்தக் கோபம். தொலைந்த பிள்ளை வீடு திரும்பியதுபோல் அழுதாள்.

தங்கைக்குப் போன் செய்தாள். “அமுதா, கார எடுத்துட்டு வா. இன்னைக்கே கெளம்பிடுறேன். இப்ப போகலன்னா எப்பவும் போக மாட்டேன்.”

“வரேன்க்கா. கிரில் கதவப் பூட்டிட்டு இரு. மாமாகிட்ட மூச்சு விடாத.”

பெட்டி தயார். விளக்கு போடவில்லை. மழை. தூரத்தில் இடி. கார்க் கதவு சாத்தும் சத்தம். ஒன்று.

இன்னொன்று?

இடியாக இருக்கும்.

“அக்கா, நான்தான். தொற.”

திறந்தாள். அமுதவள்ளி நனைந்தபடி கட்டிக்கொண்டாள். “கோயில்லேர்ந்து நேரா வரேன்க்கா. பிரசாதம்.” சிமிழைத் திறந்தாள்.

சந்தனம் என்றால் தலை குனியும். பழக்கம். குனிந்துவிட்டாள்.

நெற்றியில் குளிர்ச்சி.

அந்த வாசனை.

நிமிர்ந்தாள். தங்கையின் நெற்றியில் ஒன்றுமில்லை. விரலில் மெல்லிய ரப்பர் உறை.

பின்னால் டத்தோ குடையை மடக்கினார். “தொடைக்க விடாத. தண்ணி கொதிக்கிற நேரத்துல வேல செஞ்சிடும்.”

“செந்தூல் கிளைக்கு என் பேர்ல போர்டு போட்டாச்சுக்கா,” என்றாள் அமுதவள்ளி, அக்காவின் இரு கைகளையும் இறுகப் பிடித்தபடி. “‘இயக்குநர்’னு. நீ வெளிய போய் ஏதாச்சும் சொன்னா, அது என்னாவும்?”

தாமரை கோபத்தைப் பற்றிக்கொண்டாள். ரஞ்சனி. பெட்டி. தங்கையின் விரல். எதுவும் மறக்கவில்லை. எல்லாம் தெரிந்தது. சூடு மட்டும் இறங்கியது.

இறங்கியது.

“நனைஞ்சிட்டியே அமுதா,” என்றாள். “டீ போடவா?”

அமுதவள்ளி கைகளை விட்டாள்.

வாசலில் படாரென்று சத்தம். சாரல் பட்டுச் சந்தனம் கரைந்த குருவி மறுபடி கம்பியில் மோதியது. தாமரை தங்கையின் கையிலிருந்த சிமிழை வாங்கிக்கொண்டு போனாள். கூண்டுக்குள் கை விட்டாள். அலகு விரலைக் கிழித்தது. கையை எடுக்கவில்லை. ரத்தமும் சந்தனமுமாய் அந்தச் சின்ன மண்டையில் தடவினாள்.

“சரியாயிடும்டா... இப்ப சரியாயிடும்.”

கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வாய் சிரித்தது. குருவி பாடத் தொடங்கியது.