முதலாளியின் மூன்றாவது படம்

மூன்று நாளாக ஒரு வாய் சாப்பிடாத பூனை, எடையில் கால் கிலோ கூடியிருந்தது.

எக்ஸ்ரேக்காரர் அதை இறக்கி, தராசைத் துடைத்து, மறுபடி ஏற்றினார். அதே எண். மனுஷன் முகத்துக்காகப் பொய் சொல்வான். தராசுக்குத் தாட்சண்யம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கால்நடை மருத்துவமனை பூட்டிக் கிடந்தது. சாவி அவரிடம் இருந்ததால் உள்ளே வந்திருந்தார். கிருமிநாசினி வாடையும், நேற்று வந்துபோன நாய்களின் ஈர ரோம வாடையும், ஜன்னலே இல்லாத அந்தப் படம் எடுக்கும் அறையில் கலந்து நின்றன. எங்கேயோ ஒரு குழாய் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி போய் ஆறு வருஷம். மகள் வாரம் ஒரு தடவை போனில் "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள். பதில் வருவதற்குள் வைத்துவிடுவாள். வீட்டில் அவருக்கு முகம் கொடுக்கிற ஒரே ஜீவன் இந்தப் பூனைதான். வேலை செய்யாமல் முதலில் சாப்பிடுகிறவன் என்பதால் அதற்கு முதலாளி என்று பெயர்.

அதன் கால்களை மணல் பைகளால் அணைத்து, கதவுக்கு வெளியே நின்று பொத்தானை அழுத்தினார். பூனைக்கு அடியில் வைத்திருந்த படத்தட்டை எடுத்து வாசிப்புக் கருவியில் செருகினார். படம் மேலிருந்து கீழாக, வரிவரியாகத் திரையில் இறங்கியது.

வயிற்றுக்குள் இன்னொரு முதுகெலும்பு. மணி மணியாய், சுருண்டு.

வெளியூரிலிருந்த டாக்டரம்மாவுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"என்னண்ணே, முதலாளி பிள்ளைத்தாச்சியா?"

"அது ஆம்பளைம்மா."

"தெரியும்ணே, சும்மா சொன்னேன். எலிய முழுசா முழுங்கியிருப்பான். ஒரே படத்த நம்பக்கூடாது. மல்லாத்தி இன்னொண்ணு எடுங்க."

எடுத்தார். அனுப்பினார். இந்த முறை அவள் குரலில் விளையாட்டு இல்லை.

"அண்ணே, இது இப்ப எடுத்ததா?"

"ரெண்டு நிமிஷம்கூட ஆகல."

"வயித்துல கிடந்தது நெஞ்சுக்கு எப்படி ஏறிச்சு?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள் போலிருக்கிறது. "எலிக்கு விரல் இவ்வளவு நீளமாவா இருக்கும்?"

அறைக்குள் பூனை இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது.

"மூச்சுக்குழாய அடைக்குதான்னு பாக்கணும். கழுத்துப் படம் ஒண்ணு எடுத்துட்டு, அப்படியே அறையப் பூட்டிட்டு வெளிய வந்துருங்க. நான் கிளம்பிட்டேன், ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன். தனியா இருக்காதீங்க."

"எனக்கு வேற யாரும்மா இருக்கா?" என்றார் அவர். போனை வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

கழுத்தை நீட்டிப் பிடிக்க மணல் பை போதவில்லை. பூனை துவண்டு சரிந்தது. ஈய மேலங்கியை மாட்டிக்கொண்டார். ஈயக் கையுறையோடு அருகில் போனதும் அது மிரண்டு துள்ளியது. பிடிக்கிறவன் கை படத்தில் விழக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர். சொந்தப் பிள்ளை என்றால் வைத்தியனுக்கும் புத்தி மட்டு. கையுறையைக் கழற்றி எறிந்தார். வெறுங்கை. பூனை அடங்கியது. தாடையை அவர் இடது மணிக்கட்டில் பதித்து, கண்ணை மூடியது.

மூச்சு வெளியேறும் வரை காத்திருந்தார். மேசைக்கு அடியில் இருந்த மிதிப் பொத்தானைக் காலால் அழுத்தினார்.

மணிக்கட்டில் ஒரு குளிர். ஊசி முனை அளவு.

பூனை தும்மியது. எழுந்து நின்றது. உடம்பை நீட்டி நெளித்து, அவர் கொண்டுவந்திருந்த கிண்ணத்தில் முகம் புதைத்து, அசுரப் பசியோடு தின்றது.

"அப்பாடா... தின்னுடா ராசா, தின்னு!"

கண் கலங்கியது. தட்டைச் செருகிவிட்டுத் திரும்பி, அதன் தலையைத் தடவப் போனார்.

பூனை சீறியது.

முதுகு வில்லாய் வளைய, பின்னாலேயே நகர்ந்து அலமாரிக்கு அடியில் ஒடுங்கியது. பார்வை அவர் முகத்தில் இல்லை. இடது கையில்.

"டேய், நான்தான்டா."

மறுபடி சீறல்.

திரையில் படம் இறங்கிக்கொண்டிருந்தது. பூனையின் கழுத்து. மூச்சுக்குழாய் சுத்தம். அடைப்பு இல்லை. அதன் கீழே அவர் விரல்கள். மணிக்கட்டு. முன்கையின் இரண்டு எலும்புகள்.

நடுவே, சுருண்டு, மணி மணியாய் ஒரு முதுகெலும்பு.

ஒரு சின்ன மண்டை. இரண்டு குழிகள், நேராக வெளியே பார்த்தபடி.

போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

கடைசி வரி இறங்கியது. நீளமான விரல்கள். ஏணிக் கம்பியைப் பிடிப்பதுபோல அவர் எலும்பைப் பிடித்திருந்தன.

அவர் முழங்கைக்குக் கீழே, உள்ளிருந்து, அந்தப் பிடி தளர்ந்தது.

ஒரு எட்டு மேலே போய், மறுபடி இறுகியது.