ஒரு விரல் தடிப்புப் பலகை

பூண்டுலோயா கடைவீதியில் இப்றாஹிம் முதலாளி பேரம் பேசினால், விற்க வந்தவர்தான் கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். நாலடி நீளமான அந்தக் கண்ணாடி மீன்தொட்டியும் அப்படி வந்ததுதான். மாற்றலாகிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாவிலிருந்து மூன்று முறை "வேணாம்" என்று எழுந்து வந்தார். நான்காம் முறை தொட்டியோடு வந்தார்.

ஆனால், வைக்கத்தான் இடம் சரியில்லை. கடைக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டின் தரை வாசல் பக்கமாகச் சரிந்திருந்தது. வேண்டுமென்றே அப்படிப் போட்ட தரை அது. வியாழக்கிழமைகளில் வாளி வாளியாக ஊற்றிக் கழுவினால், தண்ணீர் தானாகவே வாசலுக்கு ஓடிவிடும்.

அதனால் மட்டம் பார்க்க யேசுரட்ணம் பாஸ் வந்தார். கொத்து வேலை செய்கிறவரை அந்தப் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மகள் டெல்சியும் முதலாளியின் மகள் ஹனாவும் ஆறாம் வகுப்பில் ஒரே வாங்கில் உட்காருகிறவர்கள்.

பாஸ் தொட்டிக்கான இரும்புத் தாங்கியை வைத்து, அதன் மேல் ரசமட்டத்தைப் படுக்க வைத்தார். பச்சைக் குழாய்க்குள் இருந்த காற்றுக் குமிழி ஓர் ஓரத்துக்கு ஓடியது. வாசல் பக்கத்து இரண்டு கால்களுக்கும் அடியில் நீளமான ஒரு பலகைத் துண்டைச் செருகினார். குமிழி நடுவில் வந்து உட்கார்ந்தது.

"பாப்பா, சாயங்காலம் தொட்டியத் தூக்கி வைப்பாங்க. அது வரைக்கும் இந்தப் பலகைய யாரும் எடுக்காம பாத்துக்குங்க."

"சரி அங்கிள்" என்றாள் ஹனா. அவள் வாப்பா, முதலாளி, அப்போது கடையில் இருந்தார்.

ஹனாவின் மேசையும் அதே சரிந்த தரையில்தான் நின்றது. பென்சிலை வைத்தால் உருண்டு விழும். அன்று கணக்குச் செய்யும்போது மூன்றாம் முறையாக விழுந்து, முனையும் உடைந்தது.

ஹனா தாங்கியைப் பார்த்தாள். ஒரு விரல் தடிப்புப் பலகை. அவ்வளவு பெரிய இரும்புக்கு இது இல்லாவிட்டால்தான் என்ன?

தாங்கியை ஒரு கையால் தூக்கி, மறு கையால் பலகையை உருவினாள். தன் மேசைக் கால்களுக்கு அடியில் தள்ளினாள். பென்சில் அசையாமல் கிடந்தது.

மாலையில் கடை ஆட்கள் தொட்டியைத் தூக்கி வைத்தார்கள். வாப்பா குழாயைத் திறந்தார். தண்ணீர் ஏற ஏற அவர் முகம் இறங்கியது. வாசல் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. மறுபக்கம் ஒரு விரல் குறைவாக நின்றது.

"குழாய மூடுங்க. ஒட்டு விட்டா வீடே கொத்மலை டேமாயிரும்" என்றார் உம்மா செரீபா.

பாதித் தண்ணீரை இறைத்து ஊற்றினார்கள். தொட்டியோடு வந்த மீன்கள் வாளியிலேயே தங்கின.

"மகள், யாராவது தாங்கியில கை வச்சாங்களா?" என்று கேட்டார் வாப்பா.

ஹனா தலையை ஆட்டினாள். இல்லை என்று.

மறுநாள் காலை ஹனா பள்ளிக்கூடம் போகக் கடை வழியாக வந்தபோது, வாப்பா வழக்கமாகக் கடைக்கு வரும் ஹாஜியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "யேசுரட்ணத்துக்கு மட்டம் பாக்கவும் தெரியல்ல. தொட்டி கோணல்."

"அப்பிடியா? என்ட வீட்டுக் குசினித் தரைய அவருக்கிட்டத்தான் குடுக்க இருந்தேன். யோசிக்கணும்" என்றார் ஹாஜியார். சாமான் வாங்க நின்ற நாலு பேரும் கேட்டார்கள்.

அடுத்த நாள் டெல்சி வாங்கின் மறு ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

"என்னடி, கோவமா?"

"ஹாஜியார் வீட்டு வேல இல்லையாம். அப்பாவுக்கு மட்டம் தெரியாதாம்." டெல்சி புத்தகத்தைப் பார்த்தே பேசினாள். "அப்பா ரசமட்டத்த எடுத்து வீடு பூரா வச்சு வச்சுப் பாத்தாரு. அது பழுதாப் போச்சோன்னு."

அதற்குப் பிறகு அன்று நடந்த பாடம் எதுவும் ஹனாவுக்கு ஏறவில்லை. ஒழுங்காக இருந்த ரசமட்டத்தை ஒருவர் சந்தேகப்பட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதே கண்ணுக்குள் நின்றது.

வீட்டுக்குப் போனதும் பலகையை உருவினாள். உம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் வாப்பாவின் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்த மேசையில் விற்றார்களோ, அந்த மேசையில்தான் பொருளைத் திருப்பி எடுப்பார்கள்.

ஹனா கடைக்கு நடந்தாள். ஹாஜியாரும் இருந்தார். கூட்டமும் இருந்தது. பலகையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வாப்பா, பாஸ் சரியாத்தான் வச்சார். நான்தான் இத என்ட மேசைக்கு எடுத்தேன். கேட்டப்ப பொய் சொன்னேன்."

அரிசி அளந்துகொண்டிருந்த வாப்பாவின் கை நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார். "இத வீட்டுல வச்சுச் சொல்லியிருக்கலாமே மகள்."

"நீங்க கடையிலதானே சொன்னீங்க, வாப்பா."

பேரத்தில் தோற்றே பழகாத மனிதர் பலகையை எடுத்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டார். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "நான் நேத்தே வேற பாஸுக்கு வாக்குக் குடுத்துட்டேனே, மகள்."

அந்த ஒன்றை மட்டும் ஹனாவால் திருப்பி எடுக்க முடியவில்லை.

அன்றே வாப்பாவும் ஹனாவும் பாஸ் குடியிருந்த தோட்டத்து லய வரிசைக்கு ஏறிப் போனார்கள். வாப்பா பாஸின் வாசலில் நின்று, "பிழை எங்கட" என்றார். அவர் செய்ததிலேயே சின்னப் பேரம் அதுதான்.

பாஸ் ஹனாவைப் பார்த்தார். உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்து வந்தார். அவள் ஏச்சையே எதிர்பார்த்திருந்தாள். அது கிடைத்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டெல்சியும் கூடவே வந்தாள். தொட்டியைக் காலியாக்கி, தாங்கியைத் தூக்கி, பலகையைப் பழைய இடத்தில் செருகினார்கள். குமிழி நடுவுக்கு வந்தது. பாஸ் ரசமட்டத்தைத் திருப்பி வைத்தும் பார்த்தார்.

"பழுதில்ல" என்றார், தனக்குத்தானே.

தண்ணீர் நாலு பக்கமும் ஒரே கோட்டில் ஏறியது. மீன்கள் வாளியை விட்டுப் பெரிய வீட்டுக்குப் போயின. பெரியவர்கள் தேநீர் குடிக்க உட்கார்ந்தார்கள்.

ஹனா தன் மேசைக்குப் போய்க் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள். டெல்சி எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். மேசைக்கு அடியில் இப்போது எதுவும் இல்லை. பென்சில் மெல்ல உருளத் தொடங்கியது.

விளிம்பில் அது விழப் போகும் நேரம், டெல்சி கையை நீட்டிப் பிடித்தாள்.