வேடியின் பச்சை நாற்காலி

பெயர் என்னவோ வேடியப்பன். குலசாமியின் பெயர். ஆளோ ஒரு பூசணிக்காய் உயரம்கூட இல்லை. கீழே இரண்டு பற்கள் முளைத்திருந்தன. அந்த இரண்டை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் பார்த்தான். அக்கா தேவயானியின் ஐந்தாம் வகுப்புப் புத்தகம், அம்மாவின் முந்தானை, தண்ணீர்க் குடத்தின் விளிம்பு, எதுவும் அவனிடமிருந்து தப்பவில்லை.

போன் மட்டும் தப்புமா?

ஜவ்வாது மலையில் அவர்கள் வீடு இருந்த சரிவில் சிக்னல் கிடைக்காது. வீட்டுக்கு மேலே, மேட்டில் ஒரு புளியமரம் உண்டு. அதன் அடியில் போய் நின்றால்தான் ஓசூரில் இருக்கும் அப்பாவின் முகம் போனில் தெரியும். அப்பா ரமேஷ் அங்கே கட்டட வேலை செய்தார். வேடிக்குத் தலைகூட நிற்காத வயதில் வேலைக்குப் போனவர், அதன் பிறகு வர முடியவில்லை.

சாயங்காலமானால் அம்மா ஈஸ்வரி வேடியை இடுப்பில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நிற்பாள். அப்பாவின் முகம் தெரிந்ததும் வேடி லபக்கென்று போனைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்வான்.

"புள்ள மூஞ்சியக் காட்டு ஈஸ்வரி!" என்று அப்பா கத்துவார். "எனக்குத் தொண்டதான் தெரியுது!"

எல்லோரும் சிரிப்பார்கள். போனை வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். இறங்கி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தேவயானிக்கு அப்பா வேண்டும்போல இருக்கும். முன்பெல்லாம் அப்பா தன் தட்டில் சோற்றைப் பிசைந்து, முதல் வாயை அவளுக்குத்தான் ஊட்டுவார். இப்போது அவளுக்குப் பத்து வயது. இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? வெட்கம். அதனால் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் அப்பா போனில் சொன்னார்.

"தேவா, இங்க ஒரு ஹோட்டல்ல பார்த்தேன். சின்னப் புள்ளைங்க உட்கார்றதுக்குன்னே உசரமா ஒரு சேர் வெச்சிருக்காங்க. முன்னாடி தட்டு வெக்க ஒரு பலகை. நம்ம வேடி மாதிரி ஒருத்தன் அதுல குந்திக்கினு, கால ஆட்டிக்கினு இட்லி துன்றான். அவங்கப்பா எதிர்ல உட்கார்ந்து ஊட்றாரு."

சொல்லிவிட்டு அப்பா போனில் வேடியின் முகத்தைத் தேடினார்.

"நம்ம வேடிக்கும் அப்படி ஒண்ணு வாங்கணும். நானே ஊட்டணும்" என்றார் அப்பா.

"நீ எப்போ வர்ற?"

"வெள்ளிக்கிழம வர்றேம்மா."

சொன்னபடியே வந்தார். பஸ் நின்றதும் நிற்காததுமாக இறங்கி ஓடிவந்து, அம்மாவின் இடுப்பிலிருந்து வேடியைத் தூக்கினார். வேடி அவரது மீசையைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். பிறகு எதிர்மலை வரைக்கும் கேட்கும்படி ஒரு கத்தல் கத்தினான்.

"ஆள் புதுசு. அதான் அழுவுறான்" என்றாள் அம்மா.

"நானா புதுசு?" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு தேவயானிக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு முழுக்க அப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். கிலுகிலுப்பையை ஆட்டினார். ஆடு மாதிரி கத்தினார். மடியில் வைத்துச் சாமைக் கஞ்சி ஊட்டப் பார்த்தார். வேடி கஞ்சியையும் துப்பினான், மடியையும் நனைத்தான்.

"ஞாயித்துக்கிழம காலைல நான் பஸ்ஸ புடிச்சாவணும்" என்றார் அப்பா. "அதுக்குள்ள என் கையால அவன் ஒரு வாய் துன்னுட்டா போதும். நாளைக்கே போய் அந்த சேர வாங்கிடலாம். மடிக்கு வராதவன் அதுலயாவது உட்கார்ந்து வாங்கிக்குவான்."

மறுநாள் நால்வரும் மலையிறங்கி, பஸ் மாறி, கண்ணமங்கலம் போனார்கள். கடையில் சிவசங்கரி என்ற அக்கா இருந்தார். குழந்தைகளுக்கான உயர நாற்காலிகளை வரிசையாக எடுத்து வைத்தார்.

தேவயானி ஓடிப்போய் ரோஸ் நிற நாற்காலியைத் தொட்டாள். அதன் பலகையில் பொத்தான்கள் இருந்தன. அமுக்கினால் பாட்டுப் பாடியது, விளக்கு எரிந்தது. அடியில் நான்கு சக்கரங்கள் வேறு.

"அப்பா, இதுதான் அழகா இருக்கு!"

"சக்கரமா?" என்றார் அப்பா. "நம்ம வாசல் இருக்கிற சரிவுக்கு, இதுல வெச்சா உன் தம்பி நேரா சாமைக் கொல்லைக்குப் போய்தான் நிப்பான்."

அடுத்தது பூப்போட்ட மெத்தை வைத்தது. பார்க்க ராஜா வீட்டு நாற்காலி மாதிரி இருந்தது. அம்மா மெத்தையின் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"கஞ்சி இதுக்குள்ள பூந்துச்சுன்னா எறும்புக்குத்தான் விருந்து. யாரு துவைக்கிறது? காயறதுக்கு ரெண்டு நாளாகும்" என்றாள்.

மரத்தால் செய்ததும் ஒன்று இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்த அப்பா, "ஏ அப்பா, இன்னா கனம்!" என்று கீழே வைத்துவிட்டார்.

கடைசியாகச் சிவசங்கரி அக்கா ஒரு பச்சை நாற்காலியைக் கொண்டுவந்தார். கிளிப்பச்சை. இடுப்பில் கட்ட பெல்ட், கழற்றிக் கழுவ ஒரு பலகை, உயரமான நான்கு கால்கள். பாட்டும் இல்லை, பூவும் இல்லை. ஆனாலும் எடுப்பாக இருந்தது.

"ஒரு துணியால தொடச்சா போதும்ங்க. அடியில இருக்கிற பொத்தான அமுக்கினா காலு கழண்டுடும். பெட்டியில போட்டு பஸ்ல எடுத்துட்டுப் போய்டலாம்" என்றார். "புள்ளைய உட்கார வெச்சுப் பாருங்க. நல்லா நிமிந்து உட்கார்றான் இல்ல?"

"எப்பவோ உட்கார ஆரம்பிச்சுட்டான்" என்றாள் அம்மா.

வேடியை உட்கார வைத்தார்கள். சிவசங்கரி அக்காவும் மற்ற மூவரும் அவனைச் சுற்றி நின்றார்கள். அவன் அம்மாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு, எதிரில் நின்ற அப்பாவின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தான். அழவில்லை! பலகையைப் படபடவென்று தட்டிச் சிரித்தான். அந்த இரண்டு பற்களும் தெரிந்தன.

"இதேதான்" என்றார் அப்பா. "இதையே குடுத்துடும்மா."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவே கால்களைப் பொருத்தினார். தாழ்வான அந்த ஓட்டு வீட்டின் நடுவில் பச்சை நாற்காலி கம்பீரமாக நின்றது. பக்கத்து வீட்டு ராணியம்மாள் பெரியம்மா எட்டிப் பார்த்து, "கலெக்டர் வந்து உட்காரப் போறாராடி ஈஸ்வரி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கலெக்டரைப் போலவே வேடியை ஏற்றி உட்கார வைத்தார்கள். அம்மா வழக்கம்போல அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தேவயானியும் தட்டோடு கீழே உட்கார்ந்தாள். அப்பா கிண்ணத்தோடு வேடியின் முன்னால் வந்து நின்றார்.

"சாமி, ஆ காட்டு!"

வேடி காட்டவில்லை. கீழே அம்மாவை எட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது. இரண்டு கைகளையும் கீழே நீட்டி அழ ஆரம்பித்தான். நிற்பதால்தான் பயப்படுகிறானோ என்று அப்பா தரையில் உட்கார்ந்து கையை மட்டும் உயர்த்தி நீட்டினார். அழுகை இன்னும் கூடியது. கடையில் சிரித்த பிள்ளையா இவன் என்று இருந்தது.

கடைசியில் அம்மா எழுந்து அவனை இறக்கி மடியில் போட்டுக்கொண்டாள். சட்டென்று அழுகை நின்றது. கிண்ணமும் காலியானது.

"வுடு. போகப் போகப் பழகிடுவான்" என்றார் அப்பா.

ஆனால், போகப் போகப் பழகும்போது அப்பா இங்கே இருக்க மாட்டாரே! தேவயானிக்கு அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அம்மா அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பா கீழே உட்கார்ந்து பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். வேடி பாயில் கவிழ்ந்து, பாயின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

தேவயானி அந்த நாற்காலியின் பின்னால் போய் நின்றாள். கடையில் சிரித்தான், வீட்டில் அழுதான். அதே நாற்காலிதானே? அப்படி இங்கே எதைப் பார்த்து அழுதான்? கொஞ்சம் குனிந்து, வேடியின் கண் இருந்த உயரத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவந்தாள். அவன் பார்த்ததைத் தானும் பார்த்தாள்.

அம்மாவின் முகம் தெரியவில்லை. வகிடும் கொண்டையும்தான் தெரிந்தன. அப்பாவின் முகமும் தெரியவில்லை. உச்சந்தலையில் எட்டணா அளவுக்கு ஒரு வழுக்கை தெரிந்தது. அப்பாவுக்கு எப்போது வழுக்கை விழுந்தது? போனில் அது தெரிந்ததே இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு அப்பாவின் தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. கடையில் எல்லோரும் நின்றுகொண்டல்லவா இருந்தார்கள்!

"அப்பா, இதோட கால கழட்டிடலாமா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சொல்ற? அந்த உசரத்துக்காகத்தானே வாங்கினோம்! ஹோட்டல்ல அப்படித்தான் வெச்சிருந்தாங்க."

"ஹோட்டல்ல எல்லாரும் டேபிள்ல உட்கார்ந்து துன்னுவாங்க. அந்தப் புள்ளைக்கு அவங்கப்பா மூஞ்சி நேரா தெரியும். நாம கீழ குந்திக்கினு துன்றோம். வேடி மட்டும் தனியா மேல உட்கார்ந்தா அவனுக்கு யாரு மூஞ்சியும் தெரியல. உன் வழுக்கைதான் தெரியுது."

"எனக்கு வழுக்கையா?" அப்பா சட்டென்று தலையைத் தடவிப் பார்த்தார். அடுப்படியில் அம்மா களுக்கென்று சிரித்தாள்.

"புள்ள சொல்றது சரிதாங்க" என்றாள் அம்மா. "வூட்ல எல்லாரும் பந்தியில குந்தினா, அவன மட்டும் பரண்மேல ஏத்தி வெச்சிருக்கோம்."

அப்பா நாற்காலியைக் கவிழ்த்தார். பொத்தான்களை அமுக்க, நான்கு கால்களும் கழன்று வந்தன. அடிப்பக்கம் தட்டையாக இருந்ததால் தரையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. பெல்ட்டைப் போட்டு வேடியை உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் தேவயானி, எதிரில் அப்பா. எல்லோருடைய முகமும் ஒரே மட்டத்தில் இருந்தது.

வேடி அழவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அப்பா ஒரு ஸ்பூன் கஞ்சியை நீட்டினார். வேடி ஸ்பூனைப் பார்த்தான். உதட்டை இறுக்கமாக மூடிக்கொண்டான்.

தூரத்தில், மேல் வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அப்பா, எனக்கு ஊட்டு" என்றாள் தேவயானி.

"இன்னா?"

"எனக்கு மொதல்ல ஊட்டு. அவன் பார்க்கட்டும்."

வாயை 'ஆ' என்று திறந்தாள். அப்பா ஊட்டினார். உப்பில்லாத வெறும் கஞ்சி. ஆனால் எத்தனை மாதம் கழித்து! விழுங்குவதற்குள் கண் கலங்கிவிட்டது. புகை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தபோது வேடி அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு மட்டும் கொடுத்தால் எப்படி? பலகையைப் படாரென்று தட்டினான். வாயை 'ஆ' என்று திறந்தான்.

அப்பா ஊட்டினார். வேடி துப்பவில்லை. சப்புக்கொட்டி விழுங்கிவிட்டு, மறுபடியும் திறந்தான். ஒரு வாய் கேட்டவருக்குக் கிண்ணம் முழுவதும் கிடைத்தது. நடுவில் வேடி கஞ்சிக் கையால் அப்பாவின் சட்டையை ஒரு பிடி பிடித்தான்.

"ஐயோ, சட்ட! இருங்க, தொடைக்கிறேன்" என்று அம்மா துணியை எடுத்தாள்.

"இருக்கட்டும் வுடு" என்றார் அப்பா. வேடியின் ஐந்து விரலும் பதிந்த அந்தச் சட்டையோடுதான் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார்.

பஸ் வளைவில் மறையும் வரை தேவயானி கையை ஆட்டினாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் வர மனமில்லாமல் வாசலிலேயே நின்றாள். வீடு பெரிதாகிவிட்டது போலிருந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பா வேலை முடிந்து பேசும் நேரம் வந்தது. அம்மா வழக்கம்போல வேடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தேவயானி ஒரு கையில் கஞ்சிக் கிண்ணத்தையும் மறுகையில் பச்சை நாற்காலியையும் எடுத்துக்கொண்டாள். கால் இல்லாத நாற்காலி ஒரு கைக்கு லேசாகத்தான் இருந்தது.

புளியமரத்தடியில் சமமான இடம் பார்த்து வைத்து, வேடியை உட்கார வைத்து பெல்ட் போட்டார்கள். அவனுக்கு எட்டாத தூரத்தில், ஒரு கல்லில் சாய்த்துப் போனை நிறுத்தினாள் தேவயானி. வேடி எட்டிப் பிடிக்கப் பார்த்தான். முடியவில்லை. முறைத்தான்.

போனில் அப்பாவின் முகம் வந்தது. அதே மீசை. வேடி கையை இறக்கினான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு, அப்பா எதுவும் சொல்லாமலே, அவரைப் பார்த்து 'ஆ' என்று வாயைத் திறந்தான்.

தேவயானி அப்பாவுக்காக ஒரு ஸ்பூன் ஊட்டினாள். அந்தப் பக்கம் அப்பாவும் ஊட்டுவதுபோலக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, இன்னைக்கும் தொண்டதான் தெரியுதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் அப்பா. "எல்லாம் தெரியுது."