ஆள் தெரியும்

தாணுலிங்கம் பேங்குப் படியேறும்போது பகல் பதினொரு மணி. பேய் வருகிற வேளையா அது? தெருவில் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிய வண்டிகள் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

வியாபாரிகள் மூட்டைக்குக் காலணா மகமை போட்டுத் தொடங்கிய பேங்கு அது. இருபத்திரண்டு வருஷம் அங்கே கிளார்க்காக இருந்தார். நாற்பத்திரண்டாம் வருஷம், கொழும்பில் குண்டு விழுந்த பயத்தில் இந்த ஊர் பாதி காலியான சமயம், அவரைச் சாத்தான்குளம் கிளைக்கு மாற்றினார்கள். இப்போது ஓய்வு பெற்று, போட்டு வைத்த முந்நூறு ரூபாயை எடுக்க வந்திருக்கிறார். மனைவி பகவதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஆபரேஷனுக்கு இன்றைக்குள் கட்ட வேண்டும். மனுஷனுக்கு நிற்கக்கூட ஜீவனில்லை.

உள்ளே எல்லாம் புது முகம். பேங்குக்குப் பொறுப்பான ஏஜெண்ட் மந்திரமூர்த்தி சின்ன வயசுக்காரன். பழைய கையெழுத்தையும் புதியதையும் ஒட்டிவைத்துப் பார்த்தான்.

"ஒத்து வரலையே, அண்ணாச்சி."

"வாதம் வந்த கை தம்பி. இங்கன இருபத்திரண்டு வருசம் இருந்தவன் நான்."

"நாங்க எல்லாரும் புதுசு. பெருவிரலை வைங்க. இங்கன கணக்கு இருக்கவுக யாராவது 'ஆள் தெரியும்'னு சாட்சி வச்சா தந்திருதேன்."

ஆள் தெரியும்.

அவர் மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

அந்தக் குண்டு விழுந்த வாரம், இதே இடத்தில் பிச்சம்மாள் நின்றாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். மகனுக்கு விஷக்காய்ச்சல் என்று, போட்ட காசை எடுக்க வந்திருந்தாள். பத்து வருஷமாய்ச் சனிக்கிழமைதோறும் அவரிடம் காசு கட்டியவள்தான். ஆனால் உப்பு அவள் விரல் ரேகையைத் தின்றுவிட்டிருந்தது. 'ஆள் தெரியும்' என்று அவரே எழுதியிருக்கலாம். பின்னால் ஏதும் வில்லங்கம் வந்தால் வேலை போய்விடுமே என்று பயம். ஆள் தெரியாது என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் மகன் போனான். மறுவாரம் அவளும் உப்பள வாய்க்காலில் கிடந்தாள். பாவி மனுஷன், ரெண்டு வார்த்தை எழுதினால் கை தேய்ந்தா போயிருக்கும்?

தாணுலிங்கம் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்.

வெறும் கறுப்பு வட்டம்.

ரேகையே இல்லை.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதேதான். விரலைத் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. எங்கிருந்தோ உப்புத்தண்ணீர் வாடை வந்தது. பிடரியில் ஈரக்காற்று பட்டது.

"ஆள் தெரியும், அண்ணாச்சி."

காதோரத்தில், களைத்துப்போன குரல்.

மந்திரமூர்த்தி நிமிர்ந்து அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தான். "பேரு என்னம்மா? பிச்சம்மாளா?" பேரேட்டைப் புரட்டினான். "இருக்கு. எடுக்காமயே கிடக்கு. இதுல விரலை வைங்க."

காகிதம் அவரைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அவர் வைத்த வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம், ரேகையில்லாமல். ஓரத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வழி நெடுக, பின்னால் ஈரக்கால் சத்தம் நிற்கவில்லை.

பணத்தைக் கட்டிவிட்டுக் கட்டிலருகே போனதும் பகவதி கண் திறந்தாள்.

"கூட வந்திருக்கது யாரு? சேலையெல்லாம் நனைஞ்சிருக்கு. எனக்கு ஆள் தெரியலையே."

தாணுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஆள் தெரியும்," என்றார்.

"அப்ப உக்காரச் சொல்லுங்க. எம்புட்டு நேரம் நிப்பாக?"

கட்டிலருகே காலியாகக் கிடந்த ஸ்டூல் கிறீச்சிட்டது.