சாட்சிக் கையெழுத்து

மதியம் மூன்று மணிக்கு நர்ஸ் அந்த வீட்டுப் படியேறினாள். ஐந்து வருடம் வேலை பார்த்த வீடுதான். வீட்டுக்காரம்மா கண்ணை மூடி நாலு மாதமாகியும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

கூடத்தில் மூத்த மகனும் வக்கீலும் காத்திருந்தார்கள். அந்தம்மா படுத்திருந்த அறை சாத்தியிருந்தது. கதவிடுக்கு வழியாகப் பினாயில் வாடை வந்தது. அதற்கடியில், நாள்பட்டுப் படுக்கையில் கிடந்த உடம்பின் வாடை.

"உட்காருங்க சிஸ்டர்," என்றார் வக்கீல். "உயில் இருந்தா மட்டும் போதாது. அது உண்மைன்னு கோர்ட் ஒத்துக்கிட்டு புரோபேட் கொடுத்தாத்தான் வீடு இவர் பேருக்கு மாறும். ரெண்டு சாட்சியில டிரைவர் போன இடம் தெரியல. நீங்க சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தா முடிஞ்சுது."

நர்ஸ் தலையாட்டினாள்.

இளைய மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தனக்கென்று ஒரு வாழ்க்கை இல்லாமல் அந்த வீட்டிலேயே கிடந்தவள். உயிலில் அவள் பெயரே இல்லை.

"அம்மா நிஜமாவே அப்படித்தான் எழுதினாங்களா சிஸ்டர்?" என்று மெல்லக் கேட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ உள்ளே போ," என்றான் அண்ணன்.

நாலு மாதத்துக்கு முன், மகள் மருந்துக்கடைக்குப் போயிருந்த அரைமணி நேரத்தில்தான் அந்தம்மாவின் மூச்சு நின்றது. மூத்தவன் கதவைத் தாழிட்டு உயில் தாளை நீட்டினான். "இன்னும் சூடு இருக்கு சிஸ்டர். விரலைப் பிடிங்க." அவனைப் பகைத்துக்கொண்டால் அடுத்த வேலை கிடைக்காது என்று பயந்து, அவள்தான் அந்தக் கையைத் தூக்கினாள். கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினாள்.

வக்கீல் வாசித்தார். "'மேற்படி அம்மாள் சுயநினைவோடு, என் கண்ணெதிரே தாமே ரேகை வைத்தார்.' சரிதானே? இங்க போடுங்க."

பேனாவை எடுத்தாள்.

சாத்திய அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

"அங்க ஒண்ணுமில்ல," என்றான் மூத்தவன், யாரும் கேட்காமலே. "கட்டிலைக்கூடத் தூக்கிக் கொடுத்தாச்சு."

வெறுங்கால் ஒன்று தரையில் இழுபடும் ஓசை. நின்றது. மறுபடி இழுபட்டது.

அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து ஓய்ந்தது.

அவள் கையின்மேல் இன்னொரு கை படிந்தது. சில்லென்று, தொளதொளத்த தோலோடு. அவள் கட்டைவிரலை மட்டும் தனியே பிரித்து, நகம் வெளுக்க மேஜையில் அழுத்தியது.

பேனா உருண்டு விழுந்தது.

"உயிர் போனப்புறம்தான் வச்சோம்," என்றாள் நர்ஸ். "நான்தான் பிடிச்சு வச்சேன்."

வக்கீல் ஃபைலை மூடினார். மூத்தவன் முகத்தை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "அப்ப இது உயிலே இல்ல. பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் சரிபாதி."

கோர்ட்டிலும் அவள் அதையே சொன்னாள். தலைகுனிந்து திட்டு வாங்கினாள். மகளுக்குப் பாதி வீடு வந்தது. விட்டது சனி என்று நர்ஸ் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கினாள்.

அடுத்த மாதம் புது வீட்டில், பார்வை போன ஒரு பெரியவரைக் கவனிக்கும் வேலை. முதல் நாள் காலை, கட்டிலை விட்டுத் தள்ளி ஜன்னலோரம் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் கிடந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"உன் கை ஏம்மா இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றார். "மெதுவா பிடி. விரல் வலிக்குது."