பீங்கான் கடைத்தெரு

“இனி எனக்கு இரவு வேலை இல்லை. உமக்கு என்ன வேணும், சொல்லும்,” என்றார் இரத்தினவேல்.

“எனக்கென்ன வேணும்? ஒண்டும் வேண்டாம்.”

“வேண்டாம் வேண்டாம் எண்டே என்னைக் கஞ்சன் ஆக்கிப்போட்டீர்.”

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று, ஸ்காபரோ வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி கணவர் கேட்டது அது. ஒரு பின்னேரமாவது அவர் தன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கேட்க, பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்த இத்தனை வருடங்களில் யோகராணிக்கு வாய் வந்ததில்லை. அன்றும் வரவில்லை.

பின்னேரங்களைப் பீங்கான் பொம்மைக் கடைகள் எடுத்துக்கொண்டன. வெக்ஸ்போர்ட்டில் பழைய சாமான் விற்கும் இடத்தில் அவர் பொறுக்கிச் சேர்த்தவை. இங்கிலாந்தின் பழைய கடைத்தெருவைப் பார்த்து உள்ளங்கையளவில் செய்த பேக்கரி, மருந்துக்கடை, தொப்பிக்கடை. ஷோகேசில் அவற்றை வரிசையாக அடுக்கி, அடியிலுள்ள ஓட்டைகளில் குட்டி பல்ப் செருகி ஏற்றிவிட்டு, எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கொப்பர் சக்களத்தி வைத்திருக்கிறார் என்று யோகராணி மகளிடம் ஃபோனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இன்று அவருடைய பால்தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது.

வெளியே மத்தியானம் தொடங்கிய பனி இன்னும் கொட்டிக்கொண்டிருக்க, ஜன்னல் நீலமாகி, ஹீட்டரின் பெருமூச்சுக்கும் குளிர்ப்பெட்டியின் முனகலுக்கும் நடுவே, அடுப்பு அணைந்து கிடந்த அந்த வீட்டில் அப்போதுதான் வெந்த பேக்கரிப் பாணின் வாசம் எழும்பி, மெல்லமெல்ல நிலக்கரிப் புகையும் நனைந்த கம்பளியுமாக மாறியது. கதிரையில் இருந்த அவர் திரும்பவில்லை. கண்ணயர்ந்திருப்பார், கால் விறைத்திருக்கும் என்று நினைத்து, நல்லெண்ணெயைச் சூடாக்கி வந்து கீழே உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கி மடியில் வைத்தாள்.

கால் பாரமாக இல்லை.

காலுறையைக் கழற்றியபோது அவள் மோதிரம் கணுக்காலில் பட்டது. ணங் என்றது.

நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் பளபளத்தது. கண்கள் திறந்திருந்தன. ஒவ்வொன்றும் தூரிகையால் வைத்த கறுப்புப் பொட்டு.

மகளுக்கு ஃபோன் அடிக்க வேண்டும். அது குசினியில். எழ முடியவில்லை.

உள்ளங்காலில் மட்டும் மினுக்கம் இல்லை. சொரசொரத்த வெள்ளைக் களிமண். நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை, பல்ப் செருக விட்டதுபோல.

உள்ளே மஞ்சள் வெளிச்சம்.

காதை வைத்தாள். கல் பாவிய தெரு. சப்பாத்துச் சத்தம். வலது காலைச் சற்று இழுத்து நடக்கும் நடை. விடியப்புறங்களில் படுக்கையில் கிடந்து அவள் காத்திருந்த அதே நடை.

தூரப் போய்க்கொண்டிருந்தது.

ஷோகேசில் தொப்பிக்கடை இருண்டது. பிறகு மருந்துக்கடை. பிறகு பேக்கரி.

குளிர்ந்த அந்த ஓட்டையில் யோகராணி வாயை வைத்தாள்.

“இஞ்சருங்கோ,” என்றாள். “போகாதேங்கோ. கொஞ்ச நேரம் என்னோட இருங்கோ.”