வெயிலில் வைத்த கிண்ணம்

ஸிஹாமாவின் வாப்பா மர்ஸூக் பதுளையில் மரக்கிண்ணம் கடைகிறவர். பச்சை மரத்தை முதலில் தடிப்பாகக் கடைவார். மரச்சீவலோடு சேர்த்துக் கடதாசிப் பையில் போட்டு நிழலில் வைப்பார். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் காய்ந்த பிறகுதான் மெல்லிசாகக் கடைந்து முடிப்பார்.

"அவசரப்பட்டா வெடிச்சிரும் மகள்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

ஆனால் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. அதற்கு ஒரு கிண்ணம் வேண்டுமே! வாப்பா வெளியே போன நேரம் பார்த்து, பலாமரக் கிண்ணம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, தகரக் கூரைமேல் வெயிலில் வைத்தாள் ஸிஹாமா.

பின்னேரம் போய்ப் பார்த்தால், விளிம்பிலிருந்து அடிவரை நீளமாக ஒரு வெடிப்பு! சத்தம் போடாமல் பழையபடி பைக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் வாப்பா அதைக் கண்டுவிட்டார்.

"இது மாடசாமி அண்ணன் தந்த மரம். மரத்திலதான் ஏதோ கோளாறு" என்றார்.

ஸிஹாமா பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மாடசாமியே வந்து நின்றார். பசறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். காற்றில் விழுந்த பலாவைத் துண்டு போட்டு, சாக்கில் கட்டி, பஸ்ஸில் கொண்டு வந்திருந்தார்.

"இனிமே வேணாம் அண்ணன். போன தடவை தந்தது வெடிச்சிட்டு." வாப்பா கிண்ணத்தைக் காட்டினார்.

மாடசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல மரம்னு நெனச்சுத்தாங்க கொடுத்தேன். மன்னிச்சுக்குங்க மொதலாளி."

சாக்கை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

செய்யாத தவறுக்கு அவர் மன்னிப்புக் கேட்கிறாரே! ஸிஹாமாவின் காது இரண்டும் சுட்டன. எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் கால்கள் அவர் பின்னால்தான் ஓடின.

"மாமா, போகாதீங்க! மரம் நல்ல மரம். நான்தான் வெயில்ல வச்சேன்."

வாப்பா அவளையே பார்த்தார். அவள் தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

"கண்காட்சிக்கு... ஒரே நாள்ல காஞ்சிரும்னு நெனச்சேன்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"வெக்கமா இருந்திச்சு வாப்பா."

"இப்ப?"

"இப்ப அதைவிட வெக்கமா இருக்கு."

மாடசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாப்பா சிரிக்கவில்லை, தலையைச் சொறிந்தார்.

"விசாரிக்காம சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க அண்ணன். வாங்க, தேத்தண்ணி குடிப்போம்."

மாடசாமி சாக்கை இறக்கியதும் ஸிஹாமா ஒரு துண்டை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"விடு பாப்பா, பச்ச மரம், பாரமா இருக்கும்."

"இருக்கட்டும் மாமா."

மூச்சு வாங்க வாங்கப் பட்டறைவரை தூக்கிப் போனாள். அதை நிழலில் வைத்த பிறகுதான் நிமிர்ந்து மாடசாமியின் முகத்தைப் பார்த்தாள்.